ஏழாவது பத்தியில் அடித்த மணி

அடையாறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து, கிழித்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மற்ற நாட்களில் பச்சையாகத் தேங்கிக் கிடக்கும் ஆறு அன்று செம்மண் நிறத்தில் தூண்களை மோதிக்கொண்டு ஓடியது. நான் வந்த பஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. காரணம், அந்த மனிதரைச் சுற்றிக் கூடியிருந்த கூட்டம். ஒரு போலீஸ்காரர் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்திருந்தார். "இன்னா நைனா, பட்ச்சவன் மாதிரி கீற, வூட்ல எதுனா சண்டையா?" என்று கூடையோடு நின்ற மீன்காரம்மா கேட்டாள். அவரோ, "ஒரு நிமிஷம், அது சுத்தி முடிக்கட்டும்" என்று கீழே தூணருகே கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய், "இவரு எங்க ஆபீஸ் டாக்டருங்க. தண்ணி எப்படி ஓடுதுன்னு பாக்கிறதுதான் இவரு வேலையே" என்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. போலீஸ்காரர் சட்டையை விட்டார். ஆனால் நம்பவில்லை. "டாக்டருன்னா ஆஸ்பத்திரில இருக்கணும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஆஸ்பத்திரி டாக்டர் இல்லை, கணக்கில் டாக்டர். அறுபதுகளின் கடைசியில் அடையாற்றில் இருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்தில், கணிதப் பிரிவில், நான் கணக்கு மெஷின் ஓட்டும் வேலையில் இருந்தேன். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு முப்பத்து நாலு. எல்லாரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டதால் எங்கள் வாட்ச்மேன் இருமலுக்கு மருந்து கேட்டு அவர் அறைக்கு மூன்று முறை போய் வந்தார். மூன்றாம் முறை டாக்டர் வெட்கப்பட்டுக்கொண்டு, தானே கடையில் ஒரு பாட்டில் மருந்து வாங்கி வந்து கொடுத்தார். மயிலாப்பூரில் அவருடைய சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனாலும் அவர் மாடவீதிப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார், மெஸ்ஸில் சாப்பிட்டார். "ஆத்துல இருந்தா கல்யாணத்தைப் பத்தி மட்டும்தான் பேசறா" என்று ஒருமுறை சொன்னார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. தி. நகரில் எங்கள் அண்ணன் வீட்டில் பதினோரு பேர். ஜவுளிக்கடைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்தி வாயைத் திறந்து பேசுவது, ரசம் போதும், சோறு போதும் என்பதோடு சரி. எனக்கு ஏன் கல்யாணம் நடக்கவில்லை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி அலுத்துவிட்டது.

என் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பச்சை வண்ணம் பூசிய இரும்பு மெஷின், தூக்கினால் தோள்பட்டை வலிக்கும். எண்களை வைத்து வலது பக்கக் கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டல், பின்னால் சுற்றினால் கழித்தல். பல முறை கூட்டினால் பெருக்கல், பல முறை கழித்தால் வகுத்தல். கழித்துக்கொண்டே போகும்போது மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் உள்ளே 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். ஒரு சுற்று கூடிப்போயிற்று என்று அர்த்தம். உடனே ஒரு சுற்று முன்னால் திருப்பி, விட்டதைச் சரிசெய்து, அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். வகுத்தல் செய்வதே இப்படித்தான். இங்கே வருவதற்கு முன் எட்டு வருஷம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுத்துக்கொண்டே இருந்தவள் நான். மணி அடித்தால் என் கை தானாகத் திரும்பும். எத்தனை சுற்று சுற்றினோம் என்று காட்ட மெஷினில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சுற்றுவார்கள். நான் அதைப் பார்ப்பதே இல்லை. அந்த அம்மா போட்டால் தப்பு வராது என்று நிலையம் முழுக்கப் பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரைத் தவிர எனக்கென்று அப்போது வேறு ஒன்றும் இல்லாததால் அதன் மேல் அளவுக்கு மீறிய கர்வமும் இருந்தது.

டாக்டருக்கு என் கையால் ஆக வேண்டியிருந்த வேலை ஓடும் நீரைப் பற்றியது. நேராக ஓடும் தண்ணீர் இல்லை, பாலத்துத் தூணில் மோதிக் குழம்பும் தண்ணீர். முதல் நாளே கேட்டுவிட்டேன், எதைக் கணக்குப் போடுகிறேன் என்று தெரியாமல் எனக்குச் சுற்ற வராது என்று. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "பெரிய சுழல் உடைஞ்சு சின்னச் சுழலாறது. அது உடைஞ்சு அதைவிடச் சின்னது. பெரிசுகிட்ட இருக்கிற சக்தி அப்படியே கை மாறிண்டே போறது. ரொம்பச் சின்னதுக்கு வந்ததும் தண்ணியோட பிசுக்கு அதை முழுங்கிடும். சூடாயிடும். அவ்வளவு பெரிய ஆறு மோதறதெல்லாம் கடைசியில துளி வெதுவெதுப்பு." அந்தச் சூடு தொட்டால் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது. யாருக்குமே தெரியாது" என்று சிரித்தார்.

எந்த அளவுச் சுழலில் எவ்வளவு சக்தி இருக்கிறது, நேரம் போகப் போக அது எப்படிக் குறைகிறது என்பதுதான் கேள்வி. அதில் ஒரு சிக்கல். இரண்டிரண்டு இடங்களில் நீரின் வேகம் எப்படிச் சேர்ந்து மாறுகிறது என்ற சராசரியைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களின் சராசரி வேண்டும். மூன்றுக்கு நான்கு வேண்டும், நான்குக்கு ஐந்து. முடிவே இல்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் ஏதோ ஒன்றை நம்பி வெட்டித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டில் சிலர் நான்கில் வெட்டிப் பார்த்திருந்தார்கள். நான்கும் சேர்ந்து தங்களுக்குள் தனியாக ஒரு உறவு வைத்துக்கொள்வதில்லை, இரண்டிரண்டாகப் பிரித்தால் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அந்தக் கணக்கை ஓட்டினால் சில சுழல்களின் சக்தி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. குடத்தில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். இல்லாததற்கும் கீழே இருக்க முடியாது. டாக்டர் அதே நான்கில் ஒரு சின்னத் திருத்தத்தோடு வேறு விதமாக வெட்டியிருந்தார். தன் வெட்டில் அது கீழே போகாது என்று நம்பினார். அதற்காகத்தான் வெளிநாட்டில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். கீழே போகாவிட்டால் அவர் வாழ்க்கையில் ஒரு காரியம் செய்தவர். போனால், ஏற்கெனவே தோற்றவர்களின் வரிசையில் கடைசி ஆள்.

கம்ப்யூட்டர் என்று ஒன்று கிண்டிப் பக்கம் வந்திருந்தது. அதில் இடம் கேட்டால் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே என் கை. டாக்டர் பெரிய தாள்களில் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாகக் கோடு போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வரியும் ஒரு அளவுச் சுழல், மேலே பெரியது, கீழே போகப் போகச் சின்னது. நாலாவது பத்தியில் ஒரு வகுத்தல். ஏழாவது பத்திதான் முடிவு. இருந்த சக்தியோடு வந்ததைக் கூட்டி, போனதைப் பெருக்கிக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்று அங்கே எழுத வேண்டும். ஒரு தாள் முடிய இரண்டு நாள். முடிந்த தாளின் ஏழாவது பத்தி, நேரம் ஒரு படி நகர்ந்த அடுத்த தாளின் முதல் பத்தி. இப்படி நாலு மாதம். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரத் தட்டி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாண் இருக்கும். அந்தப் பக்கம் அவர் பேனா கீறும் சத்தம், இந்தப் பக்கம் என் கைப்பிடி. காலையில் ஒரு வணக்கம், சாயங்காலம் ஒரு தாள், அவ்வளவுதான் பேச்சு. அதைக்கூட நான் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன் என்பதை இப்போது எழுத வெட்கமில்லை. அந்தப் பேனா நின்றால், என்ன ஆயிற்று இவருக்கு என்று என் கையும் நின்றுவிடும்.

பதினெட்டாவது தாளில், மேல் வரிகளில், ஏழாவது பத்தி எண்கள் மளமளவென்று குறைந்தன. அடுத்த தாளில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தன. அதற்கடுத்த தாள்களில் பூஜ்யத்தைத் தொட்டும் தொடாமலும் சின்னச் சின்ன எண்களாக அங்கேயே நின்றுவிட்டன. முப்பதாவது தாளைக் கொடுத்த அன்று டாக்டர் முதல் தடவையாகத் தட்டியைச் சுற்றிக்கொண்டு என் மேஜைக்கே வந்தார். "பாத்தேளா? தொடறது. ஆனா கீழ போகலை!" என்றார். இரண்டாம் முறை சரிபார்க்கச் சொன்னார். பார்த்தேன், அதே எண்கள்தான். அதே கை அல்லவா? ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை டைப் ஆகி வந்தது. கடைசிப் பக்கத்தில், இத்தனை கணக்கையும் பிழையின்றிப் போட்டுத் தந்ததற்கு நன்றி என்று என் பேரை இனிஷியலோடு போட்டிருந்தார். என் பேர் அச்சில் வரப் போவது அதுதான் முதல் தடவை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பாத்ரூமில் போய் நின்று அந்த வரியை மனசுக்குள் படித்துக்கொண்டேன்.

வரைபடங்களை மையில் தீட்டி முடித்து, அந்த வெள்ளிக்கிழமை தபாலில் சேர்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி அடித்து என் வலது மணிக்கட்டு வெந்துபோனது. "ஒரு நாள் லீவு போட்டா ஒங்க ஆபீசு முங்கிரவா போவுது?" என்றாள் மதினி. கட்டோடு திங்கட்கிழமை போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? வரைபடத்துக்காக நடுவில் ஒரே ஒரு எண் இன்னும் கொஞ்சம் துல்லியமாகத் தேவைப்பட்டது. இடது கையை மெஷினுக்குக் குறுக்கே நீட்டி, நடை பழகும் பிள்ளை அடி வைப்பது போல ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினேன். ஏழாவது பத்திக்கான கழித்தல். மூன்றாவது சுற்றில் மணி அடித்தது. இடது கைக்கு அந்த மணியோடு பழக்கம் கிடையாது. அது திரும்பவில்லை, அங்கேயே நின்றது. விடை காட்டும் ஜன்னலில் இடது கோடியிலிருந்து வரிசையாக ஒன்பதுகள். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் இந்த மெஷின் அப்படித்தான் காட்டும். சுற்று ஜன்னலைப் பார்த்தேன். மூன்று. நான் சுற்ற வேண்டியதும் மூன்றுதான். ஒரு சுற்றும் கூடிப்போகவில்லை.

பழைய தாள்களை எடுத்து இடது கையால் மெல்ல மெல்லப் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பதில் மணி, இருபதில் மணி, அதற்குப் பிறகு மேல் வரிகளிலெல்லாம் மணி. மணி அடித்த இடங்களிலெல்லாம் என் வலது கை, எட்டு வருஷ வழக்கப்படி, வகுத்தல் என்று நினைத்து ஒரு சுற்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. கீழே போனதை மேலே தூக்கி வைத்திருக்கிறது. அவருடைய வெட்டு பிழைத்தது என் கையின் புண்ணியத்தில்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அப்போது நான் முதலில் நினைத்தது அவரை இல்லை. அந்த நன்றி வரியைத்தான் நினைத்தேன். 'பிழையின்றி' என்ற அந்த வார்த்தையை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. காலையில் வணக்கம் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரால் கண்டுபிடிக்க முடியும் என்று ஒரு மனம் சொன்னது. வேறொரு நாட்டில் யாராவது இதே கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, இந்த ஆள் எண்களைத் திரித்திருக்கிறார் என்று எழுதினால் அவர் என்ன ஆவார் என்று இன்னொரு மனம் சொன்னது. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கவரின் மேல் தன் கையாலேயே முகவரி எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தாங்கவில்லை. தட்டியைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.

"சார், ஏழாவது பத்தியில நான் ஒரு தப்புப் பண்ணிருக்கேன்."

அவர் என்ன தப்பு என்று கேட்கவில்லை. பேனாவை மூடினார். மூடி சரியாக உட்கார்ந்ததா என்று திருகிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மணியா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"நாலாவதுலதான் வகுத்தல். ஏழாவதுல வகுத்தலே கிடையாது. நான்தானே பத்தி போட்டேன், எனக்குத் தெரியாதா? நீங்க எந்தப் பத்தியில இருக்கேள்னு சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன். ஏழாவதுல மணி கேக்கும். ரெண்டு மாசமா கேட்டுண்டுதான் இருக்கேன். கேட்டுடணும்னு எழுந்திருப்பேன். அவா போட்டா தப்பே வராதுன்னு எல்லாரும் சொல்றாளேன்னு நினைச்சுப்பேன். மறுபடி உக்காந்துடுவேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து தண்ணீர் ஜாடியை என் பக்கம் நகர்த்தினார், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மறுநாள் கவர் தபாலுக்குப் போகவில்லை. பத்தொன்பதாவது தாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் போட்டோம். நான் இடது கையால் சுற்ற, அவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தானே எழுதிக்கொண்டார். மணி அடிக்கும்போதெல்லாம் "ம், மைனஸ்" என்று மட்டும் சொல்வார். டீ கொண்டுவந்த பியூன், "இன்னாக்கா, கோயில் மாதிரி மணி அட்ச்சிக்கினே கீது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும்கூடச் சிரித்தோம். தோற்றுக்கொண்டிருந்த அந்த ஒரு மாதம்தான் அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்த காலம். இதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

கடைசித் தாள் முடிந்ததும் அவர் தாள்களையெல்லாம் வரிசையாக அடுக்கினார். "நீங்க கழிச்சது சரி. நான் வெட்டின இடம்தான் தப்பு. நாலு சேர்ந்தா அதுக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்கு போலருக்கு. ரெண்டு ரெண்டாப் பிரிச்சா அது காணாமப் போயிடறது" என்றார். என் மேல் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த நாளிலிருந்து அவர் தட்டிக்கு அந்தப் பக்கமே இருந்தார். பேனா சத்தம் அதிகம் கேட்கவில்லை. சில மாதங்களில் வடக்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்.

நான் இப்போது கொட்டிவாக்கத்தில் அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறேன். அவனுடைய பேரன் இன்ஜினியரிங் படிக்கிறான். அந்தச் சுழல் கணக்கு என்ன ஆயிற்று என்று போன வருஷம் அவனிடம் கேட்டேன். "அதுக்கு இன்னும் முழுசா யாருக்கும் விடை தெரியாது பாட்டி, கம்ப்யூட்டர்ல விட்டு ஓட்டிப்போம்" என்றான். எனக்கென்னவோ ஆறுதலாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் வேறு விதங்களில் வெட்டிப் பார்த்து, கீழே போகாமல் நிறுத்திவிட்டார்களாம். அவர்களில் டாக்டரும் ஒருவரா என்று தேடிப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு அவருடைய முழுப்பேரைச் சொல்ல வேண்டும். ஏனோ சொல்ல வாய் வரவில்லை.

அவர் கிளம்பிய அன்று சாயங்காலம் ஆபீஸில் எல்லாரும் சீக்கிரமே போய்விட்டார்கள். புத்தகங்களைக் கட்டி முடித்துவிட்டு, தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசினார். "லஸ் பக்கம்தான் போறேன். அங்க ஒரு காப்பி சாப்பிட்டுட்டுப் போலாமா? உங்களுக்கு மாம்பலம் பஸ்ஸும் அங்கேயே கிடைச்சுடும்." முப்பத்தைந்து வயசு, கல்யாணமாகாதவள், லஸ் முனையில் ஒரு ஆணோடு ஓட்டலில் உட்கார்ந்திருந்தால் அது எங்கள் கடைக்கு எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். போக வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதும் தெரியும். "ஒரு தாள் பாக்கி இருக்கு சார், முடிச்சிட்டுத்தான் கெளம்பணும்" என்றேன். பாக்கி ஒன்றும் இல்லை. மெஷினுக்கு உறைகூடப் போட்டாயிற்று. அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவசரமாக உறையை எடுத்துவிட்டு, எண் எதுவும் வைக்காமல், வலது கையால் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினேன். எண் வைக்காத மெஷினுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, லேசான, காலியான சத்தம். அது எந்தப் பத்தியும் இல்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு படியிறங்கிப் போனார். நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.